சாரையின் மறுமுனை

சமையல் மேடையில் நீங்கள் விரலால் நசுக்கும் எறும்பு ஒரு கிழவி. வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள். அவற்றில் இளசுகள் கூட்டுக்குள் இருந்து முட்டையையும் புழுக்களையும் பார்த்துக்கொள்ளும். வயதான பிறகுதான் இரை தேட வெளியே கிளம்பும். வெளியே பல்லி இருக்கிறது, சிலந்தி இருக்கிறது, உங்கள் விரலும் இருக்கிறது. எப்படியும் கொஞ்ச நாளில் சாகப்போகிறதைத்தான் கூடு அந்த ஆபத்தான வேலைக்கு அனுப்புகிறது. நூறு எறும்பை நசுக்கினாலும் அதற்குப் பெரிய நட்டமில்லை. அந்த நேரத்திலும் ராணி முட்டையிட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

மேடையில் தெரியும் சாரை கூட்டின் சிறு பங்குதான். மீதி சுவர் விரிசலில், கதவு நிலைக்குப் பின்னால், ஸ்விட்ச் பெட்டிக்குள், பூந்தொட்டி மண்ணில் இருக்கிறது. எறும்பை விரட்ட நாம் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவை சாரையின் இந்த முனையோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் போன வாரம் விரட்டியது இந்த வாரம் திரும்ப வருகிறது.

வந்திருப்பது யார் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். வெள்ளை டைல்ஸ் மேல் கறுப்புப் புள்ளிகள் மட்டும் தானாக நகர்வதுபோல் தெரிந்தால் ஒரு பூதக்கண்ணாடியை எடுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். தலையும் மார்பும் கருத்து, வயிறும் கால்களும் ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருக்கும். பாதி உடம்பு கண்ணுக்குத் தெரியாததால் பேயெறும்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டாபினோமா மெலனோசெஃபாலம் என்பது அறிவியல் பெயர். நசுக்கிய விரலை முகர்ந்தால் கெட்டுப்போன தேங்காய் வாடை அடிக்கும். ஒரு கூட்டில் பல ராணிகள் இருப்பதும், இருக்கும் இடம் சரியில்லை என்றால் சட்டென்று வேறிடத்துக்குக் குடிபோவதும் இதன் வழக்கம். சர்க்கரை டப்பாவில் மொய்ப்பது பல வீடுகளில் இதுதான்.

அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீண்ட கால்களோடு, திசை தெரியாததுபோல் இங்கும் அங்கும் வெட்டிவெட்டி ஓடும் கறுப்பு எறும்பு இன்னொன்று. கடிக்காது. பிள்ளையார் எறும்பு என்று நாம் விட்டுவைக்கும் கூட்டத்தில் இது முக்கியமானது: பாராட்ரெகினா லாங்கிகார்னிஸ். செத்த கரப்பானைப் பத்திருபது பேராகச் சுவரில் இழுத்துக்கொண்டு போவார்களே, அவர்கள்தான். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ஓஃபர் ஃபைனர்மன் குழுவினர் இந்த இழுபறியைப் படம் பிடித்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். இழுக்கும் கும்பலில் பெரும்பாலானவற்றுக்குக் கூடு எந்தப் பக்கம் என்றே சரியாகத் தெரியாது. வழி தெரிந்த ஒன்று புதிதாக வந்து பிடித்ததும் மொத்தச் சுமையும் அதன் பக்கம் திரும்புகிறது. சில நொடிகளில் அதுவும் வழியை மறந்து கும்பலில் ஒன்றாகிவிடும், அடுத்த ஆள் வரும்வரை. இந்த எறும்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரட்ட மனம் வராது.

மூன்றாவது, கடிக்கும் சிவப்பெறும்பு. தோட்டத்திலும் வாசல்படி ஓரத்திலும் மண்ணைத் தள்ளிக் கூடு கட்டி, வீட்டுக்குள் எண்ணெய்ப் பலகாரத்துக்கும் கருவாட்டுக்கும் வரும். சொலனாப்சிஸ் ஜெமினாட்டா என்ற இந்த எறும்பு நம் ஊர்க்காரி அல்ல. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அநேகமாகப் பாரத்துக்காகக் கப்பலில் நிரப்பிய மண்ணோடு வந்திருக்கும். மிளகாயும் அமெரிக்காவிலிருந்து ஏறக்குறைய அதே காலத்தில்தான் கப்பலேறியது. காரத்துக்குப் பஞ்சமில்லாத நூற்றாண்டு.

ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அடுத்து அவர்கள் நடக்கும் பாதை.

18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் வாழ்ந்த சார்ல் போனே என்ற இயற்கையியலாளர் சுவரில் போய்க்கொண்டிருந்த சாரையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கோட்டின் இரண்டு பக்கமும் எறும்புகள் திகைத்து நின்றுவிட்டன. தரையில் ஏதோ வாசனை இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துபோனது. அந்த வாசனை உடம்பில் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க 1959 வரை ஆயிற்று. ஹார்வர்டில் எட்வர்ட் வில்சன் நெருப்பெறும்பின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, கழுவி, குச்சி நுனியால் நசுக்கிக் கண்ணாடித் தகட்டில் கோடாக இழுத்தார். குடலைத் தேய்த்த கோட்டை எறும்புகள் சட்டை செய்யவில்லை. நஞ்சுப் பையும் அப்படியே. கொடுக்கின் அடியில் இருக்கும் டூஃபோர் சுரப்பியை இழுத்ததும் கூட்டிலிருந்து எறும்புகள் திபுதிபுவென்று வெளியேறிக் கோட்டின் வழியே ஓடின. கோடு முடிந்த இடத்தில் ஒன்றுமில்லை. அங்கே வட்டமடித்துத் தேடிக்கொண்டிருந்தன.

ஓர் எறும்பு ஒருமுறை கண்ணாடியில் போட்ட தடம் இரண்டு நிமிடத்துக்குள் ஆவியாகிவிடுகிறது என்றும் வில்சன் அளந்தார். இரை கிடைத்துத் திரும்பும் எறும்புதான் தடத்தைப் புதுப்பிக்கும். வெறும் வயிற்றோடு திரும்புவது ஒன்றும் போடாது. இரை தீர்ந்தால் தடமும் தானே மறைந்துவிடும், யாரும் அழிக்க வேண்டியதில்லை. கட்டளையிட ஒரு தலைமை இல்லாமலே ஆயிரக்கணக்கான எறும்புகளை ஒரு வெல்லக் கட்டியை நோக்கி நடத்தவும், அது தீர்ந்ததும் கலைக்கவும் ஆவியாகும் ஒரு துளியே போதுமானதாக இருக்கிறது.

எல்லா எறும்பும் இவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. ஃபாரோ எறும்பு என்ற மஞ்சள் நிறக் குட்டி எறும்பை வைத்து ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், சில நிமிடத்தில் மறையும் வாசனையோடு இரண்டு நாள் கழித்தும் முகர்ந்தறியக்கூடிய ஒரு பழைய தடமும் இருப்பது தெரிந்தது. பாதை கவட்டையாகப் பிரியும் இடத்தில், இரை இல்லாத கிளையின் தொடக்கத்தில் 'இந்தப் பக்கம் வராதே' என்று ஒரு விரட்டும் வாசனையையும் அவை பூசுகின்றன. 2005இல் நேச்சர் இதழில் அது வெளியானது. துடைப்பத்தால் எறும்பைப் பெருக்கித் தள்ளுவது பயன்படாததற்குக் காரணம் இதுதான். எறும்பு போய்விடுகிறது, எழுதிய பாதை தரையில் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஈரத் துணியால் சாரை போன வழி முழுவதையும் அழுத்தித் துடைத்தால் பாதையே போய்விடும். வினிகரும் நல்லது. வெறும் தண்ணீர் போதாது. தடத்தில் இருப்பவை பெரும்பாலும் எண்ணெய்த் தன்மை கொண்டவை.

துடைக்காமலே பாதையை மாற்றியவர் ஒருவர் உண்டு. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்தபோது அவருடைய தின்பண்ட அலமாரிக்கு எறும்புச் சாரை வந்தது. கொல்லக் கூடாது என்பது அவர் போட்டுக்கொண்ட நிபந்தனை. எறும்புகள் அறைக்குள் நுழையும் ஓட்டைக்குப் பக்கத்தில், அவற்றுக்குத் தெரியாத ஓரிடத்தில், கொஞ்சம் சர்க்கரை வைத்தார். இரையோடு திரும்பும் எறும்பைக் காகிதத் துண்டில் ஏற்றி அந்தச் சர்க்கரையில் இறக்கினார். அலமாரியை நோக்கிப் போகும் எறும்பையும் அதே சர்க்கரைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஓட்டைக்குத் திரும்பிய எறும்புகள் புதுத் தடம் போட்டன. பழைய தடத்தைப் புதுப்பிக்க ஆளில்லை. ஒரு மணி நேரத்தில் அலமாரியில் எறும்பே இல்லை. 1985இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பு நூலில் இதை ரசித்துச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு வேலை இல்லாதவர்கள் செய்து பார்க்கலாம், குழந்தைகளோடு செய்தால் இன்னும் நல்லது.

நம் வீடுகளில் பாதையை அழிப்பதைவிடத் தடுப்பதுதான் பழைய பழக்கம். வலை போட்ட அலமாரியின் நான்கு கால்களுக்கும் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். நல்ல யோசனை. முதல் சில நாள் எந்த எறும்பும் தாண்டாது. பிறகு தண்ணீர் மேல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படர்ந்து தோல் கட்டும். எறும்பின் எடைக்கு அந்தத் தோல் பாலம். ஒரு துளி சோப்பு விட்டால் நீர்ப்பரப்பின் இழுவிசை குறைந்து, கால் வைத்தது மூழ்கும். இதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் சோப்புக்கு உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு மிகவும் பிடித்த இடங்களில் இந்த அலமாரிக் கிண்ணமும் ஒன்று. தென்கிழக்கு ஆசியாவில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் தேடும்போது பூச்சாடி, தொட்டித் தட்டு ஆகியவற்றோடு இதையும் குனிந்து பார்ப்பார்கள். முட்டை தண்ணீரில் இருக்காது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கிண்ணத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எறும்புக்குப் பயந்து கொசுவை வளர்க்கக் கூடாது.

பொடிகளுக்கு வருவோம். வாசல் ஓட்டையில் மஞ்சள்தூள் தூவினாலும், சர்க்கரை டப்பாவில் நாலு கிராம்பு போட்டாலும் பாட்டிமார் செய்தது வீண் இல்லை. கிராம்பின் வாசனைக்குக் காரணமான யூஜினால் நெருப்பெறும்புகளை விரட்டவும் செய்கிறது, நெருக்கத்தில் கொல்லவும் செய்கிறது என்பது சோதனையில் உறுதியாகியிருக்கிறது. நுண்ணிய பொடி எதுவானாலும், சாம்பல்கூட, எறும்பின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பிடிமானத்தைக் கெடுக்கும். செங்குத்துச் சுவரில் ஏறுகிறவர்களுக்கு அது பெரும் தொல்லை. ஆனால் ஈரம் பட்டால் பொடி போச்சு, கிராம்பு மணம் இழந்தால் அதுவும் போச்சு. ஒரு வாசலை அடைக்க இவை போதும், அடுத்த வாசலை அவை தேடிக்கொள்ளும். சர்க்கரைக்குக் கிராம்பைவிட நல்ல மூடி மேல்.

அரை நூற்றாண்டுக்கு முன் எறும்புப் பொடி என்றால் கமாக்சின்தான். மூலை முடுக்கெல்லாம் அந்த நாற்றமடிக்கும் பொடியைத் தூவிவிட்டு அதன் மேலேயே பாய் விரித்துப் படுத்த தலைமுறை ஒன்று உண்டு. பி.எச்.சி. என்ற அந்த நஞ்சு மண்ணிலும் உடல் கொழுப்பிலும் அழியாமல் தங்கும் என்று தெரிந்தபின் 1997இல் இந்தியா அதைத் தடை செய்தது. இன்றைய எறும்புச் சாக்பீஸில் இருப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு நஞ்சுகள். கமாக்சினோடு பார்த்தால் மனிதர்களுக்கு ஆபத்து குறைவு, மீன்தொட்டிக்கு மிக அதிகம். என் ஆட்சேபம் அதன் உருவத்தைப் பற்றியது. சிலேட்டில் எழுதும் சாக்பீஸ் போலவே இருக்கும் ஒரு விஷத்தைத் தவழும் குழந்தை உள்ள வீட்டின் தரையில் கிறுக்குவது எப்படிச் சாதாரண விஷயமாயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

அடிக்கும் மருந்து, அதாவது ஸ்ப்ரே, இன்னொரு வகையில் கெடுதல். எறும்பு அந்த இடத்திலேயே சுருண்டு விழும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். மறுமுனையில் நடப்பது வேறு. பல ராணிகள் உள்ள கூட்டைத் தொந்தரவு செய்தால், ஒரு ராணியும் ஒரு பிடி வேலைக்காரிகளும் கொஞ்சம் புழுக்களுமாகக் கிளம்பிப் போய்ப் புதுக் குடித்தனம் தொடங்கிவிடுவார்கள். ஒரு கூடு நாலாகும். ஃபாரோ எறும்பு இதில் பேர்போனது. வெப்பமூட்டிய கட்டடங்களில் குடியேறி இங்கிலாந்தின் மருத்துவமனைகளை ஆட்டிப்படைத்த எறும்பு அது. மருத்துவமனைகளில் பிடித்த ஃபாரோ எறும்புகள் சூடோமோனாஸ் உள்ளிட்ட நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. கட்டுப்போட்ட புண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும் அளவுக்குச் சிறியது. மருந்தடிக்க அடிக்க அது அடுத்த வார்டுக்கும் அடுத்த மாடிக்கும் பரவியது. நம் பேயெறும்பும் பிரிந்து போகும் இந்த வழக்கம் உள்ளதுதான்.

அப்படியானால் வேண்டியது உடனே கொல்லாத நஞ்சு. 1964இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் நெருப்பெறும்புக்கு இரைவிஷம் தேடியபோது அதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: முதல் 24 மணி நேரத்தில் நூற்றுக்கு 15க்கும் குறைவாகவே சாக வேண்டும், சோதனை முடிவதற்குள் 89க்கு மேல் செத்திருக்க வேண்டும். முதல் நாள் உயிரோடு இருக்கிற எறும்புதான் விஷத்தை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சேர்க்கும் முறையும் விசித்திரமானது. எறும்புக்கு இரண்டு வயிறு. முன்னது பொதுச்சொத்து, அதில் நிரப்பிய திரவத்தைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயிலிருந்து வாய்க்குக் கொடுக்கும். நிறம் கலந்த சர்க்கரைத் தண்ணீரை ஒரு துளி வைத்துப் பேயெறும்பு குடிப்பதைப் பார்த்தால் கண்ணாடி போன்ற வயிறு சிவப்பாக, பச்சையாக உப்பி வருவது வெறுங்கண்ணுக்கே தெரியும். மைசூரில் ஒருவர் எடுத்த அப்படிப்பட்ட படங்கள் 2011இல் உலகம் சுற்றின. அந்தச் சிவப்பு ஓரிரு நாளில் கூட்டின் பெரும்பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், வெளியே தலைகாட்டாத ராணி உட்பட. வளர்ந்த எறும்பால் கட்டி உணவை விழுங்க முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வாய்க்குள் ஒரு வடிகட்டிப் பை இருக்கிறது, சாறு மட்டுமே உள்ளே போகும். அது தூக்கிப்போகும் பருக்கையும் மாவும் புழுக்களுக்கு.

இந்தத் தபால் வழியில் அனுப்ப ஏற்ற சரக்கு போரிக் அமிலம். கேரம் பலகையில் காய் வழுக்க ஒரு காலத்தில் எல்லாரும் தூவிய அதே வெள்ளைப் பொடி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரம் அதன் நெருங்கிய உறவு. 1990களில் அமெரிக்காவில் ஜான் கிளாட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் பல விகிதங்களைச் சோதித்து, பத்து சதவீதச் சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ போரிக் அமிலம் கலந்தால் போதும் என்று கண்டார்கள். அரை லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் போரிக் அமிலம். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகச் சாகும் என்று நினைக்கத் தோன்றும். தோன்றினாலும் போடாதீர்கள்: எறும்பு வழியிலேயே செத்துவிடும், அல்லது முகர்ந்துவிட்டு விலகிப்போகும்.

பஞ்சை இதில் நனைத்து, பக்கவாட்டில் சிறு ஓட்டை போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சாரைக்குப் பக்கத்தில் வையுங்கள். குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடம் வேண்டும். போரிக் அமிலம் மனிதருக்கும் விஷம்தான், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. மீதியைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. முதல் நாள் எறும்பு இரண்டு மடங்காகும். வீட்டில் உள்ளவர்கள் உங்களைத் திட்டுவார்கள். அப்போது சாரையைத் துடைக்கவும் கூடாது, பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது, ஏனென்றால் இப்போது அந்தப் பாதை உங்களுக்கு வேலை செய்கிறது. சோப்புத் தண்ணீர் எல்லாம் கூட்டம் ஓய்ந்த பிறகு. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். தண்ணீர் ஆவியாக ஆக மிச்சத்தில் விஷத்தின் செறிவு ஏறிவிடும், கோடையில் அது இன்னும் வேகம். சில வாரம் பிடிக்கும்.

சிவப்பெறும்பு இந்தப் பாகைத் திரும்பிப் பார்க்காமல் போகலாம். கூட்டில் புழுக்கள் நிறைய இருக்கும் காலத்தில் புரதத்துக்கும் எண்ணெய்க்கும் அலையும். ஓர் அட்டையின் ஒரு மூலையில் சர்க்கரைத் தண்ணீர், மறு மூலையில் வேர்க்கடலைத் துணுக்கு வைத்துவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். எங்கே கூட்டமோ அதில்தான் மருந்தைக் கலக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் ஓயாமல் வந்தால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். செம்பருத்திக் கிளை கிராதியைத் தொடுகிறதா? தண்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கிறதா? செடியின் சாற்றை உறிஞ்சி அது வெளியேற்றும் இனிப்புக் கழிவு எறும்புக்கு வற்றாத இரை. பதிலுக்கு எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். வெளியே இப்படிப் பால்மாடு கட்டியிருக்கிறவர்களை உள்ளே ஒரு டப்பா பாகு வைத்து முடித்துவிட முடியாது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி ஆடுமாடுகளின் கண்ணைக் கெடுத்து, மேய்ச்சலுக்குப் போனவர்களைத் திரும்பி ஓட வைத்தது. அந்த அளவுக்குப் போய்விட்டால் அது ஒரு வீட்டுக்காரர் சமாளிக்கும் காரியமல்ல. ஜன்னல் ஓரச் செம்பருத்தி அப்படியில்லை. சுவரைத் தொடும் கிளைகளை ஒரு சாண் இடைவெளி விட்டு வெட்டுங்கள், மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், பிறகு இரைப்பெட்டியை வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு வெளியே மண் ஊறும்போது புதுக் குடித்தனக்காரர்கள் மறுபடி உள்ளே வருவார்கள். அதற்குள் பஞ்சும் பொடியும் கைவசம் இருக்கட்டும்.